வேலிக்குள் போன குழாய்

போன வெள்ளிக்கிழமை கோயில் திருவிழாவில் பாதிப் பூசையிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஒய்.பி. வந்திருந்தார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். வரட்டும், கும்பிடட்டும், யார் வேண்டாம் என்றது? அவருக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். மனிதர் சந்நிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறார். தீபாராதனைத் தட்டோடு நின்ற குருக்களும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுகிறார். "சாமி முன்னால பேசற பேச்சா இது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சாமி கும்பிட வந்திங்களா, சண்ட போட வந்திங்களா?"

இரண்டுக்கும்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குழாயைத் திறந்தால் குளோரின் வாடை குப்பென்று அடித்தது. சூடப் புகை இன்னும் சேலையில் இருந்தது. இந்த இரண்டு வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், நான் கல்யாணமாகி வந்து குடியிருந்த காஜா பெராங் வட்டாரம் நினைவுக்கு வந்துவிடும், கோபமும் வந்துவிடும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கம்போங் செட்டி கிராமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பலகை வீட்டு வரிசையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குள் குழாய் கிடையாது. சாலையோரம் நகராண்மைக் கழகம் போட்ட ஒரு குழாய்தான் எல்லாருக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் தீமா, எதிர்வீட்டுச் சீன அம்மா, செட்டி வீட்டுப் பெண்கள், நான். செட்டிகளுக்குச் சாமி நம் சாமிதான், பேச்சுதான் மலாய். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு நன்றாகச் சண்டை போடுவோம். எனக்கு மலாய் வந்ததே அந்தக் குழாயடியில்தான். முதலில் கற்றுக்கொண்டது திட்டுவதற்கு.

எங்கள் வரிசையின் கோடியில் ஒரு சின்னக் கோயில். அதன் தலைவர்தான் எங்கள் வட்டாரத்துக்கு நகராண்மைக் கழக உறுப்பினரும். கோயில் பெயரையும் அவர் பெயரையும் சொல்லமாட்டேன், பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். சாலையில் குழாய் இருந்தால் சண்டை வருகிறது என்று சொல்லி, கவுன்சில் ஆட்களை வைத்தே அதைப் பெயர்த்துக் கோயில் வேலிக்குள் நட்டுவிட்டார். திறப்பு விழா வேறு! குழாயின் கழுத்தில் மாலை, தலையில் சந்தனம், குங்குமம். தலைவர் தேங்காய் உடைத்தார். மக்சிக் தீமாவை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவர் தன் வீட்டுக் கிணற்றுக்குத் திரும்பிவிட்டார். சீன அம்மா எங்கே போனார் என்று நான் கேட்கக்கூட இல்லை. எனக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது அல்லவா?

ஜாலான் துக்காங் எமாஸ் போய்ப் பாருங்கள். பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கின்றன. அவரவர் வாசல் அவரவருக்கு, நடுவில் ஓடுகிற தெரு எல்லாருக்கும். இது கூடவா ஒரு மனிதனுக்குப் புரியாது?

எனக்குப் பிரசவமானது. இன்று என்னை வாயை மூடச் சொல்கிற இதே மகள்தான். பிள்ளைத் துணி அலசவும், காய்ச்சிக் குடிக்கவும், குளிக்கவும் தண்ணீர் வேண்டும். என் வீட்டுக்காரர் வாளியோடு போய்ப் பாதி பிடித்திருப்பார், தலைவர் வந்துவிட்டார்.

"தம்பி, புள்ள பெத்த வீடு. தீட்டு. முப்பது கழியட்டும், சாமி குத்தமாயிடும்."

"ரோட்டு பைப்பத்தானங்க பேத்து இங்க வச்சிங்க?"

"ரோட்ல இருந்தா கவுன்சிலுது. வேலிக்குள்ள வந்தா சாமியோடது."

பிடித்த தண்ணீரைக் கீழே ஊற்றச் செய்தார்கள். பிறகு குழாயைக் கழுவித் தீட்டுக் கழித்தார்களாம். எந்தத் தண்ணீரால்? அதே குழாயில் பிடித்த தண்ணீரால்! இதைக் கேட்டதும் பச்சை உடம்போடு படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மக்சிக் தீமா கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். கடலோரத்து ஊர்க் கிணறு, மஞ்சளாக இருக்கும், உப்புக் கரிக்கும். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "புடாக் கெச்சில் பூன் சாலா கா?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். இந்தச் சின்னஞ்சிறிசுமா தப்புச் செய்தது? சில நாளில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

வீட்டுக்காரர் கவுன்சில் ஆபீசுக்கு ஓடினார். அங்கே மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி, தமிழர்தான், நிதானமாகச் சொன்னாராம்: "இது ஒங்க சமய விசயம் தம்பி. கவர்மெண்டு அதுல கை வைக்கக்கூடாது."

எப்படி இருக்கிறது கதை? குழாயைத் தூக்கிச் சாமியிடம் கொடுக்கும்போது வைத்த கையை, பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். கோயிலில் கேட்டால் கவுன்சில் உறுப்பினர் முடிவு, கவுன்சிலில் கேட்டால் கோயில் வழக்கம். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்!

பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பிள்ளையைத் தேற்றிக் கொண்டுவந்தோம். அதற்குள் நகராண்மைத் தேர்தல் வந்துவிட்டது. தலைவர் வரிசையில் இருந்த பெண்களையெல்லாம் கோயிலுக்குக் கூப்பிட்டு, தனக்கே ஓட்டுப் போடுவதாகச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். கடைசி வீட்டு மாரியாயி என் வாசலில் வந்து அழுதாள். "எனக்கு அந்தாளப் புடிக்கலதான்க்கா. சத்தியம் பண்ணிட்டனே, புள்ளகுட்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

என்னை மட்டும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? எனக்குத்தான் முப்பது கழியவில்லையே! அந்த வரிசையில் சத்தியத்தில் மாட்டாத பெண் நான் ஒருத்திதான்.

"பச்ச ஒடம்புக்காரி, பேசாம கெட" என்று வீட்டுக்காரர் தடுத்தார். கேட்பேனா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் மக்சிக் தீமா, பின்னால் சீன அம்மா. பழைய குழாயடி வரிசை அப்படியே நின்றது. மேசையிலிருந்தவர் பெயரைக் கேட்டார், தாளைக் கொடுத்தார். தீட்டா என்று கேட்கவில்லை. தலைவரை எதிர்த்து நின்றவர் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் பெயருக்கு நேரே தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன். என் வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் என்று சாகும்வரை சொல்லவில்லை.

தலைவர்தான் ஜெயித்தார். வேறென்ன நடக்கும்? அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். மாரியாயியும் அடுத்த தடவை கோயிலுக்குப் போகாமல் என் வீட்டில் ஒளிந்துகொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

சில வருடங்களில் நகராண்மைத் தேர்தலையே நிறுத்திவிட்டார்கள். தற்காலிகம் என்றார்கள், இன்றுவரை திரும்பவில்லை. கவுன்சில் உறுப்பினர்களை மேலே யாரோ நியமிக்கிறார்கள். கோயில் நிர்வாகத்துக்கு மட்டும் தேர்தல் தவறாமல் நடக்கிறது, கை தூக்கச் சொல்லி என்னையும் கூப்பிடுகிறார்கள். சாமி வீட்டை யார் நடத்துவது என்று சொல்ல எனக்கு ஓட்டு இருக்கிறது. என் வீட்டு வாசல் சாக்கடைக்கு இல்லை.