ஈரச் சிமெண்ட்டில் ஒரு கதவு

பேளுக்குறிச்சியில் வேர்வையோடு கிளம்பி, சேந்தமங்கலத்தில் மலை பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு காது அடைத்து, மேலே குளிரில் இறங்கினால் நான் ஊராட்சிச் செயலர். எத்தனையோ வருடம் ஏறி இறங்கியும் ஓர் இரவுகூட அங்கே தங்கியதில்லை. ஏறும்போதே இறங்குகிற பஸ்ஸை நினைக்கிற ஆள் நான்.

மேலே ஊருக்கு இரண்டு ஆட்சி. ஒன்று ஓட்டுப் போட்டு வந்தது. தலைவர், உறுப்பினர்கள், நான், ஒரு பீரோ. இன்னொன்று வழிவழியாக வந்தது. ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே பல ஊர் சேர்ந்த நாட்டின் பெரியவர்கள், கோயில் முன்னால் அவர்கள் உட்கார்ந்து முடிவு சொல்லும் கல். முதல் ஆட்சி எல்லாவற்றையும் எழுதி வைக்கும். இரண்டாவது ஒன்றையும் எழுதாது. எழுதாததைத்தான் ஊர் கேட்கும்.

கடைசி வீட்டுப் பெண்ணை ஊர் தள்ளி வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவள் கணவன் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சவுக்கு மரம் ஏறி விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் புண். வாரம் ஒருமுறை சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கிலில் கோத்து, அவன் தம்பியும் பங்காளிகளும் பஸ் வரைக்கும் தூக்கி வருவார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் ஊராட்சித் தலைவர்.

சிமெண்ட்டுப் பாதை வந்தது. காகிதத்தில் கடைசி வீடு வரைக்கும், அதாவது அவள் வீடு வரைக்கும். தரையில் ஊர்க்கவுண்டர் களத்தோடு நின்றுவிட்டது. அவள் என்னிடம் கேட்டாள். நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், "ஓவர்சியர் வர்றாரு, அவருகிட்ட நேராக் கேட்ருங்க" என்றேன். தொல்லை விட்டால் போதும் எனக்கு. கேட்டாள். அவர் டேப்பைப் பிடித்து அளந்தார், சிரித்தார், போய்விட்டார். ஊர் விஷயத்தை ஊரிடம் சொல்லாமல் கீழ் ஆபீசுக்குக் கொண்டுபோனவள் என்று அன்று சாயங்காலமே கல்லில் முடிவாயிற்று. யாரும் பேசக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, தோள் கொடுக்கக் கூடாது. மீறினால் மீறினவனுக்கும் அதே கதி. கீழ்நாட்டு ஆட்களுக்கு மட்டும் இது கிடையாது. பஸ் டிரைவர், வாத்தியார், நான்.

இரண்டு வாரம் கழித்துக் கிராம சபை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பலா மரத்தடியில். கூட்டத்தில் காட்ட வேண்டும் என்பதற்காகவே பாதையில் பள்ளிக்கூடத்திலிருந்து தார் ரோடு வரைக்குமான கடைசித் துண்டைச் சற்று முன்புதான் போட்டு முடித்திருந்தார்கள். ஈரம் மினுமினுத்தது.

அவள் வந்தாள். உட்காரவில்லை.

"ஏனுங்க தலைவரே, நான் ரோடு கேக்க வரல. ரெண்டு வாரமா மருந்து கட்டல. புண்ணு நாத்தமெடுத்துப் போச்சு. பஸ்ஸு வரைக்கும் ரெண்டு தோளு வேணும்."

தலைவர் மரத்தைப் பார்த்தார்.

"பலாவுல என்னமோ கத்துதுங்க" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"குளவியா இருக்கும். கலைச்சுப் போடாதீங்க, ஆபீஸ் வரைக்கும் போயிக் கொட்டும்" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், அங்க நிக்கறவங்ககிட்டச் சொல்லுங்க. இன்னைக்கிப் பேசற விசயத்துல இது இல்ல."

அவள் நாலு எட்டு தள்ளித்தான் நின்றாள். காதில் விழுந்திருக்கும். ஆனாலும் சொன்னேன். "இன்னைக்கு விசயத்துல இது இல்லீங்கம்மா."

"கூடப்பொறந்தவனத் தூக்கறதுக்கு நோட்டுல எழுதியிருக்கோணுமான்னு கேளுங்க சார்."

கேட்டேன். தலைவர் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார். ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அடுத்த மாசம் நாடு கூடும். வந்து கால்ல விழட்டும், பாக்கலாம். அது வரைக்கும் புண்ணு பொறுக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்."

அதையும் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் என் வாயைப் பார்க்கிறது, நான் திறந்தால்தான் அடுத்தது நடக்கும். அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக என்னை அதற்கு முன் கேட்டதே இல்லை. "பொறுக்குமா" என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

அவள் இப்போது என்னிடமே பேசினாள். "சார், நீங்க இந்த ஊரு இல்லீங்களே. ஒங்களக் கேக்க ஆளில்ல. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அரை மணி நேரம்."

"கூட்டம் முடியோணுமேம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எனக்கு இரங்குவதுபோல இருந்தது அது. போய்விட்டாள்.

தீர்மானங்களை வாசித்தேன், கைதூக்கினார்கள், எழுதினேன். தக்காளிச் சோறு வந்தது. பாதித் தட்டு காலியாகும்போது சத்தம் கேட்டது. கல்லில் மரம் உரசுகிற சத்தம்.

வீட்டுக் கதவைக் கழற்றியிருந்தாள். அதன்மேல் அவனைச் சேலையால் கட்டி, நாதாங்கியில் கயிறு போட்டு, கயிற்றைத் தன் நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். இறக்கம்தான், ஆனால் இறக்கத்தில் கதவு முந்திக்கொண்டு அவள் குதிகாலை இடித்தது. ரத்தம். எங்களுக்கு முன்னால் வந்தபோது நாற்றமும் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். பக்கத்தில் முள்ளும் பாறையும். ஈரச் சிமெண்ட்டை விட்டால் வேறு வழியில்லை. ஏறினாள்.

தலைவர் தன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கதவின் அடியைப் பார்த்தார்.

"சார், இன்னும் காயல. கோடு விழுது. தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"தூக்கிட்டுப் போங்கம்மா" என்றேன். "கோடு விழுது."

வாயில் சோறு இருந்தது.

அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள். கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். "புடிங்க."

கதவிலிருந்து அவன் என்னைப் பார்த்தான். மிக மரியாதையான குரலில் சொன்னான்: "உடு புள்ள. சார் சாப்பிட்டுட்டு இருக்காரு."

அவள் முனையைத் திரும்பத் தோளில் போட்டாள்.

தார் ரோட்டில் மூன்று மணி பஸ் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஓடிவந்தார்கள். கீழ்நாட்டு ஆட்கள். யாரும் சொல்லாமலே கதவோடு அவனைத் தூக்கி ஏற்றினார்கள். நான் வழக்கமாக இறங்குகிற பஸ் அதுதான். கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் அடித்தார். தட்டு கழுவப் போவதுபோல எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

பஸ் கிளம்பிய பிறகு வந்து பார்த்தால், கொத்தனார் கரணையோடு குந்தியிருந்தார். இரண்டு கோடு, நடுவே அவள் கால் பதிந்த குழிகள். தலைவர் பக்கத்தில் நின்று, "மொத்தமா போயிருமாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் சிமெண்ட்டுப் பால் ஊற்றித் தேய்த்ததும் போய்விட்டது. நான் நோட்டைத் திறந்து, உறுப்பினர் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன்.