வெள்ளிக்கிழமை கொடுக்காத நெருப்பு

"பிரிக்பீல்ட்ஸில் இவ்வளவு புகை ரயிலிலிருந்து வருகிறதா, வீடுகளிலிருந்து வருகிறதா?"

பள்ளிப் படிப்பை முடித்து வேலை தேடிப் போன ஓர் அலுவலகத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். ரயில் என்று சொல்ல வாய் திறந்தேன். அங்கே எங்கள் ரயில்வே குடியிருப்பின் கூரைகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன். வேலை கிடைக்கவில்லை. அப்படி நான் குழம்பியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுச் சின்னையா மாமா.

அவர் ரயில்வேயில் பயர்மேன். எஞ்சின் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். உட்காரத் தெரியாத மனிதர். வீட்டில் இருக்கும்போதும் சமையல் அடுப்பைக் குச்சியால் குத்திக்கொண்டே இருப்பார்.

"இது என்ன எஞ்சினா? சோறு வேகட்டும், அந்தாண்ட போங்க" என்று அவர் மனைவி தங்கமணி அத்தை விரட்டுவாள்.

இது நடந்தது போன வருடம், 1933இல். அரசாங்கம் புகைக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. பட்டணத்துக்குள் வரும் எஞ்சின், அரிசி ஆலை, செங்கல் சூளை, எதன் புகைபோக்கியும் கரும்புகை விடக்கூடாது. அதைக் கவனிக்கச் சண்முகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரரை வைத்தார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டம் கட்டமாகச் சாயம் ஏற்றிய ஓர் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார். கறுப்பானால் பயர்மேன் பேரில் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் எஞ்சினை விட்டு இறங்கி, மறுபடி கரிமேட்டில் கூடை சுமக்க வேண்டும். மாமாவுக்கு இரண்டு விழுந்துவிட்டன. டிரைவர் பரீட்சைக்கு அவர் பெயர் போயிருந்த நேரம் வேறு.

ஆனாலும் அவர் சட்டத்தைத் திட்டியதில்லை. மகள் ரமணிக்கு மூச்சு இழுப்பு உண்டு. "புகை குறைஞ்சா புள்ள தூங்கும்லா" என்பார்.

ஆயுத பூசை வியாழக்கிழமை வந்தது. மாமாவினுடையது பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் சின்ன எஞ்சின். அன்று அதற்கு ஓய்வு. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார். இப்படி நிற்கும் எஞ்சினின் நெருப்பைச் சாம்பலால் மூடிக் கனிய விடுவதுதான் வழக்கம். மாமா அப்படிச் செய்யவில்லை. பூசையில் வைத்த அரிவாளை யாரும் தொடுவதில்லை, எஞ்சினுக்கு மட்டும் ஏன் வயிற்றில் நெருப்பு என்று தணல் முழுவதையும் வெளியே இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை எஞ்சின் கொட்டகைக்குப் போனபோதுதான் உறைத்தது. ஆறிப்போன அடுப்பில் நிலக்கரியைப் பற்றவைத்தால் கரும்புகை வந்தே தீரும். பக்கத்து எஞ்சினிலிருந்து தணல் அள்ளலாம் என்றால், எல்லாம் கிளாங் பக்கம் கிளம்பிவிட்டன. பகலுக்குள் எஞ்சின் தயாராக வேண்டும். ஓட்டமாக வீட்டுக்கு வந்தார்.

"தங்கம், தணல் வேணும். நம்ம அடுப்பு பத்தாது, இந்த வரிசை முழுக்க வேணும். தணல் மேல கொஞ்சம் கொஞ்சமா கரி போட்டா அவ்வளவா புகையாது."

அத்தை மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்கு ஓடினாள். இராஜம்மா வாசலிலேயே மறித்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா நெருப்பு கேக்க வந்தியா? குடுத்தா என் வீட்டு லெட்சுமி உன் பின்னாலேயே வந்துருவா."

"வந்தா திருப்பி அனுப்பிடறேன் அக்கா. அவரு கரிமேட்டுக்குப் போயிட்டா நாங்க என்ன செய்வோம்?"

"உன் புருஷனை யாரு நெருப்ப எறக்கச் சொன்னா? சாமியா கேட்டுச்சு?"

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில். மாமா சந்தில் மேலும் கீழும் நடந்தார். என்னாலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடைசியில் இராஜம்மாவே கத்தினாள்.

"ஏய் தங்கமணி! நான் குடுக்க மாட்டேன். அடுப்பைத் தூக்கி பின்சந்துல வச்சுட்டு முதுகைக் காட்டி நிக்கிறேன். யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

"லெட்சுமிக்குத் தெரியுமே?"

"அவளும் என்னோட திரும்பித்தான் நிப்பா. எடுத்துத் தொலை!"

ஒவ்வொரு வீட்டு மண் அடுப்பும் பின்சந்துக்கு வந்தது. பெண்கள் சுவரைப் பார்த்து நின்று சிரித்தார்கள். நானும் அத்தையும் தகரம் தகரமாக அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம்.

நடுப்பகலுக்குச் சற்று முன் சண்முகரத்தினம் ஐயா தண்டவாளத்துக்கு மேலுள்ள பாலத்தில் நின்று அட்டையைத் தூக்கினார். எஞ்சினின் புகை மெல்லிய சாம்பல் நிறத்தில் போயிற்று. கீழே மாமா மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"குறியில்லை" என்றார் ஐயா. பிறகு எங்கள் குடியிருப்புப் பக்கம் திரும்பினார். "சின்னையா, இதென்ன கூத்து? உம்மட எஞ்சின் வெளுப்பா நிக்குது, உம்மட வீடெல்லே ரயில் மாதிரிப் புகையுது!"

தணல் போன அடுப்புகளைப் பெண்கள் ஒரே நேரத்தில் ஈர ரப்பர் விறகு வைத்து மூட்டியிருந்தார்கள். கூரைகளே தெரியவில்லை.

"அதுக்கும் குறி போடுவீங்களாய்யா?"

"வீட்டடுப்புக்குச் சட்டத்தில இடமில்லை. எழுதத்தான் போறன். ஆரும் பாப்பினமோ தெரியாது."

மாமாவின் காதில் அது விழவில்லை. "புள்ள அங்கதான் இருக்கா" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ரமணியைத் தோளில் போட்டுக்கொண்டு, புகை இல்லாத இடம் தேடி ஆற்றங்கரை வரை நடந்தார். எஞ்சின் அவருக்காகக் காத்து நின்றது.

மூன்றாவது குறி விழவில்லை. ஆனால் வேலை நேரத்தில் எஞ்சினை விட்டுப் போனதற்காக மேலதிகாரி அவருடைய பரீட்சையை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார். மாமா இன்னும் பயர்மேன்தான். வீட்டடுப்புகளைப் பற்றி ஐயா எழுதியதற்கு இதுவரை பதில் வரவில்லை.

அடுத்த ஆயுத பூசை நெருங்குகிறது. கிளாங்கிலும் சாலாக் செலாத்தானிலும் எஞ்சின் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நெருப்பை இறக்க வேண்டாம், சாம்பல் போட்டு மூடினால் போதும். விறகைக் காயவைத்து எரியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னும் இரண்டு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.