மூன்றரை மணி டீ

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை ஆனால் என் பூக்கடையின் பின்பக்கம் சீதாலெட்சுமி வந்து நிற்பாள். அடுப்பைப் பற்றவைத்து தண்ணீர் வைப்பாள். அது கொதிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாது அவளுக்கு. வாளியில் கிடக்கும் என் மல்லிகையை அள்ளிக் கட்ட ஆரம்பித்துவிடுவாள். கூடவே இன்னும் இரண்டு பெண்கள் வருவார்கள். நாலு மணிக்கு டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு மேல் இருக்கும் அறையில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடக்கிறது, இவர்கள் அதில் படிக்கிறவர்கள். அடுப்பைக் கொடுத்தவள் நான். கேஸ் தீர்ந்தால் கத்துகிறவளும் நான்தான்.

சீதாலெட்சுமிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிள்ளானில் இடியாப்பம் அவித்து பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிறாள். தோட்டத்தில் பிறந்தவள். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். தம்பிகள் நன்றாகப் படித்தார்கள், ஒருவன் வங்கியில்கூட இருக்கிறான். இதையெல்லாம் அவள் ஒரு வருத்தமும் இல்லாமல் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

கணவர் சபாபதி போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு விட்டுப்போனது ஒரு பழைய வேன். அதை ஓட்டுவது அவருடைய தம்பி கமலநாதன். அவன் மனசு வைத்தால் அன்றைக்கு வியாபாரம் உண்டு. பந்து ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டால் அவித்த இடியாப்பமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. இந்த லட்சணத்தில் வருடக் கடைசியில் ஜொகூருக்குக் குடிபோகிறேன், அதற்குமுன் வேனை விற்றுவிடலாம் என்று வேறு சொல்லிவிட்டான். வேன் போனால் கடையும் போயிற்று. அவள் தயங்கியதைப் பார்த்து, "பின்ன என்ன, அண்ணி ஓட்டவா போறாங்க?" என்று சிரித்தானாம்.

அந்தச் சிரிப்புதான் அவளை ரயிலேற்றி இங்கே அனுப்பியது. லைசென்ஸ் எடுக்க வேண்டுமென்றால் முதலில் சாலை விதித் தேர்வில் தேற வேண்டும். உண்டாங் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கணினியில் கேள்வி தமிழிலேயே வரும். இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் தோற்றாள். பதில் தெரியாமல் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. வகுப்புக்கு வந்து ஆறேழு மாதமாகியும் வேகம் கூடவே இல்லை. "எனக்கு மண்டையில களிமண்ணு அக்கா" என்பாள் பூவைக் கட்டிக்கொண்டே. வாயை மூடு என்று அதட்டுவேன்.

வகுப்பை நடத்துகிறவர் மார்க்கிரட். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார், ஒன்றைப் பிடித்தால் விடவும் மாட்டார். இந்த வருடம் அவர் பிடித்துக்கொண்டது சமத்துவம். படிப்பதுதான் படிக்கிறார்கள், ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்கிற பாடமாகப் படிக்கட்டுமே என்று அதற்குப் புத்தகம் தேட ஆரம்பித்தார். கிடைத்ததையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். குப்பையைக் குப்பை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேனாம்.

முதலில் வந்தது இணையத்தில் எடுத்த ஒரு தமிழ்நாட்டுப் புத்தகம். நல்ல புத்தகம்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கிணறும் வயலும். பன்னிரண்டாவது மாடியில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? அடுத்து ஏதோ ஒரு சங்கத்தின் கையேடு. 'பாலினப் பாகுபாடு களைதல்' என்பதுதான் முதல் வரி. ரவாங்கிலிருந்து வரும் சின்னையா, லோரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், அந்த ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வியர்த்துப்போனார். கடைசியில் மார்க்கிரட் பழைய பள்ளிப் புத்தகம் ஒன்றையும் எடுத்துவந்தார். அதில் அப்பா வேலைக்குப் போகிறார், அம்மா சமைக்கிறார். சீதாலெட்சுமி அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுல ரெண்டு பேரும் நாந்தானே டீச்சர்."

மார்க்கிரட் அந்தப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். மறுவாரம் வந்து, புத்தகம் கிடைக்காவிட்டால் போகிறது, நாமே எழுதிக்கொள்வோம் என்றார். ஒவ்வொருவரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். சொல்வதை அப்படியே எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் படிக்க வேண்டும். ஆணின் நாளைப் பெண்ணும், பெண்ணின் நாளை ஆணும் படித்தால் அதுவே பாடம் என்பது அவர் கணக்கு.

சீதாலெட்சுமி சொன்னது சின்னையாவுக்குப் போயிற்று. அவர் படித்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். கேஸ் விஷயமாக ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்று மேலே போயிருந்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு ஆக்கி வைக்கிறேன். ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, வழியில் தெரிகிற பெயர்ப் பலகைகளைப் படிக்கிறேன். இரண்டு மணிக்கு வகுப்பு. மூன்றரைக்கு டீ போடக் கீழே போகிறேன். திரும்பி வரும்போது கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறது. டீச்சர் அதை அழித்துக்கொண்டிருக்கிறார்."

சின்னையாவின் விரல் அந்தக் கடைசி வரியிலேயே நின்றது. வேகமாகப் படிக்கிற பயிற்சியை மார்க்கிரட் கடைசி அரைமணியில்தான் வைத்திருந்தார். அந்த அரைமணியில் சீதாலெட்சுமி ஒரு நாள்கூட மாடியில் இருந்ததில்லை. டீ போடு என்று யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை. வகுப்பு தொடங்கிய முதல் வாரம், வேலையிலிருந்து நேராக வருகிற ஆண்கள் பசியோடு இருப்பார்கள் என்று பெண்கள் தாங்களாகவே எழுந்து போனார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சமத்துவத்தை ஊரெல்லாம் தேடிய மார்க்கிரட்டுக்கும் தெரியவில்லை, வாரா வாரம் அடுப்படியைத் திறந்துவிட்ட எனக்கும் உறைக்கவில்லை.

மணி மூன்றரை ஆகியிருந்தது. பழக்க தோஷத்தில் பாதி எழுந்த பெண்கள் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்கள். மார்க்கிரட்டின் கையில் கரும்பலகை அழிக்கும் துணி இருந்தது. அதை மேசைமேல் வைத்தார். சின்னையா கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீ உக்காரும்மா. நான் போய் போடுறேன்."

அவர் வாசல்வரை வந்துவிட்டார். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அப்போதுதான் சீதாலெட்சுமி பேசினாள். சத்தமாகவெல்லாம் இல்லை.

"நீங்க போனா பாடம் உங்களுக்குத்தானே விட்டுப்போவும் அண்ணே? வந்து உக்காருங்க லா. பாடம் முடியட்டும், டீய எல்லாரும் சேந்து போட்டுக்கலாம்."

சின்னையா திரும்பிப் போய் உட்கார்ந்தார். மார்க்கிரட் சாலை விதிகளைப் பலகையில் எழுத, சீதாலெட்சுமி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். தட்டுத் தடுமாறித்தான் படித்தாள். முடிக்கும்வரை யாரும் பலகையை அழிக்கவில்லை. நாலு மணிக்கு மொத்த வகுப்பும் என் அடுப்படிக்கு இறங்கிவந்து, ஆளாளுக்குச் சர்க்கரை போட்டு, வாயில் வைக்க முடியாத ஒரு டீயைப் போட்டது. நான் கத்தினேன். கத்திவிட்டு இரண்டு கோப்பை குடித்தேன்.

அதன்பின் வாரா வாரம் அந்த அரைமணியும் உட்கார்ந்து படித்து, அடுத்த முறை உண்டாங்கில் அவள் தேறினாள். அதற்குப் பிறகு ஓட்டிப் பழகி, ஓட்டுநர் தேர்வில் சரிவில் வண்டி பின்னால் உருண்டு ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினாள்.

தீபாவளி முடிந்த கையோடு கமலநாதன் வேனைப் பார்க்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தானாம். சாவியைக் கேட்டு கையை நீட்டியிருக்கிறான். இவள் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவருக்கு ஒரு தட்டில் இடியாப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு, அவனிடம் சொல்லியிருக்கிறாள்:

"ஆமா தம்பி, அண்ணிதான் ஓட்டப் போறாங்க."

இதை அவள் என் கடை வாசலில் நின்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அதை மறைக்கத் தெரியாது, அழுதேன். அவள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மூன்றரைக்கு என் அடுப்படியில் யாரும் இல்லை, மல்லிகையை நானே கட்டிக்கொள்கிறேன்.