சாம்பிராணியை அணை

குசினி அடுப்படியில் தீப்பிடித்து மூன்று நாளாகியும் எங்கள் வீட்டில் புகைநாற்றம் போகவில்லை. "சாம்பிராணி காட்டினாச் சரி அப்பா" என்று மகள் தட்டோடு வந்தாள்.

சிறுவயதில், சண்டிலிப்பாய்க் கிராமத்தில், தேங்காய் மட்டை மூட்டிப் புகையிலை பதப்படுத்தும் எங்கள் கொட்டில் எரிந்து வீடெல்லாம் தென்னம்பொச்சுப் புகை ஏறியபோது, என் அப்பாவும் அறையறையாகச் சாம்பிராணிதான் காட்டினார். அம்மா அந்தத் தணலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். "புகையைப் புகையாலை கலைக்கேலுமே?"

அம்மா சுவர்க்கரியை உலர்ந்த துணியால் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தார். தலையணைப் பஞ்சை வெயிலில் கொட்டினார். அப்படியும் நாறியது. மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தவர் அப்பாவின் முன்னால் நின்றார். தீயணைத்த அன்று போட்ட சால்வை இன்னும் அவர் தோளில் கிடந்தது.

"உந்தச் சால்வையைத் தாறியளோ, உங்களோடை சேர்த்துத் தோய்க்கட்டோ?"

மகளிடம் சாம்பிராணியை அணைக்கச் சொன்னேன். பிறகு என் இடுப்பைப் பார்த்தேன். தீயணைத்தபோது கட்டியிருந்த அதே சாரம்.