தொட்டிக்குப் போன மண்

பேருந்துப் பணிமனைக்கு எதிரே செடி விற்ற அந்தப் பெண்ணை எல்லோரும் செடிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவர் இறந்த வருடம் வீட்டு வாசலில் இருபது பைகளில் ரோஜாக் கன்று வைத்து ஆரம்பித்தார். பதினோரு வருடத்தில் பச்சை வலைக்கூரை, தண்ணீர்த் தொட்டி, வேலைக்கு இரண்டு பெண்கள் என்று கடை வளர்ந்துவிட்டது. அவரிடம் வாங்கிய செடி பட்டுப்போகாது என்று பெயர். கைராசி என்பார்கள். கைராசி இல்லை, மண்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அது தம்பியின் நிலத்து மண். பேருந்தில் அரை மணி நேரம் போனால் தம்பிக்கு மூன்று ஏக்கர் இருந்தது. அதில் மேற்கு ஓரம் கொஞ்சம் மேடு, தண்ணீர் ஏறாது. "மேட்டை வெட்டினா உனக்கு நிலம் சமமாகும், எனக்கு மண்ணு கிடைக்கும்" என்று ஆரம்பித்து வைத்தவர் இவரேதான். தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அக்கா கேட்டு அவன் மாட்டேன் என்றதில்லை. மேடு இரண்டே வருடத்தில் தீர்ந்தது, லோடு நிற்கவில்லை. "தம்பி, ரெண்டு லோடு" என்று போன் செய்தால் மறுநாள் காலையில் டிராக்டர் வாசலில் நிற்கும். இப்போது எந்தப் பக்கம் வெட்டுகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விட்டதாகச் சொல்ல முடியாது.

ஒரு நாள் ஆசிரியை ஒருவர் ஆட்டோவில் இரண்டு தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். செம்பருத்தி சருகாகியிருந்தது. கவிழ்த்துக் கொட்டினால் மஞ்சள் மண்கட்டியும் சுண்ணாம்புச் சுக்கான் கல்லும். செடிக்காரம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. டிராக்டர்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து அள்ளிட்டு வர்றீங்க இதை? என்கிட்டயே ஏமாத்து வேலையா?"

"நான் ஏம்மா ஏமாத்துறேன்? உங்க தம்பி நிலத்து மண்ணுதான். மேல இருந்த நல்ல மண்ணு தீர்ந்துபோச்சு. இப்ப அடிமண்ணுதான் வருது."

மறுநாள் முதல் பேருந்தில் கிளம்பிப் போனார். ஆறேழு வருடமாக அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததில்லை; நல்லது கெட்டது என்றால் தம்பி குடும்பம்தான் இவர் வீட்டுக்கு வரும். பக்கத்து நிலம் இடுப்பு உயரத்துக்குச் சுவர்போல நின்றது. தம்பியின் நிலம் குளம் வெட்டிப் பாதியில் விட்டதுபோலக் கீழே கிடந்தது. மூன்று நாளைக்கு முன்பு பெய்த மழை இன்னும் தேங்கி நின்றது. சோளம் முழங்கால் உயரம்கூட இல்லை, வெளிறிப்போயிருந்தது.

தம்பி ஓடிவந்தான். "எதுக்குக்கா நீ அலையிற? போன் பண்ணா லோடு அனுப்பியிருப்பேன்ல."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல. இந்த வருஷம் எல்லாருக்குமே வெள்ளாமை சுமார்தான்."

பக்கத்து நிலத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அவனும் அதைப் பார்த்தான், அக்காவும் பார்த்தார்.

களை பறித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்தாள். "இங்க இருந்த நல்ல மண்ணு பூரா இப்ப டவுன்ல தொட்டியில இருக்கு அண்ணி. அங்கயாவது பூக்குதுல்ல, விடுங்க." குத்திக்காட்டிச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று பிடிபடவில்லை.

லோடை அன்றோடு நிறுத்தினார். வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தார். ஒரு விரல்கடை மேல்மண் தானாக உண்டாக ஒரு மனுஷ ஆயுசு போதாது என்றார் அங்கிருந்த பெண். சந்தையில் கொட்டுகிற அழுகல் காய், தெருக் கூட்டுகிறவர்கள் எரிக்கிற சருகு என்று எல்லாவற்றையும் வாங்கி அதே டிராக்டரில் தம்பி நிலத்துக்கு அனுப்பினார். செடி வாங்கிப்போனவர்கள் பழைய தொட்டி மண்ணைத் திருப்பிக் கொடுத்தால் கன்று சும்மா தருவதாகச் சொன்னார். கடைப் பைகளுக்கு மக்கிய குப்பையையும் மரத்தூளையும் கலந்து பார்த்தார்.

ஆனால் முதல் மாதத்திலேயே ஒரு தவறு நடந்தது. புதிய அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு நானூறு தொட்டி கொடுப்பதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். குப்பை இன்னும் மக்கவில்லை.

"வேற ஒரு நிலம் இருக்கும்மா. நல்ல கறுப்பு மண்ணு" என்றார் டிராக்டர்காரர்.

யாருடையது என்று கேட்க வாயெடுத்தார். "சரி, ரெண்டு லோடு" என்றுதான் வந்தது.

மூன்றாம் வருடம் தம்பி போன் செய்தான். கிழக்கு மூலையில் மட்டும் அவரைக்கொடி நன்றாகக் காய் பிடித்திருக்கிறதாம். "போதும்கா, இனிமே நீ மனசைப் போட்டு உழப்பிக்காத" என்றான். அவன் மன்னிக்க மன்னிக்க, அந்த இரண்டு லோடுதான் அவருக்குள் கனத்தது. இந்த நிலத்துக்காரனாவது தம்பி. அந்த நிலத்துக்காரர் யார் என்றே தெரியாது.

டிராக்டர்காரரைக் கேட்டார். "வாய்க்காலைத் தாண்டி எங்கயோம்மா. எத்தனையோ இடத்துல எடுக்குறோம், எதுன்னு ஞாபகம் வச்சுக்க?" என்றுவிட்டார் அவர்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலைத் தாண்டி வரப்பு வரப்பாக நடந்தார். வெட்டிய பள்ளம் ஒன்றைத்தான் அவர் தேடினார். அங்கே பள்ளமான நிலங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடந்தன, ஏழோ எட்டோ. தன் இரண்டு லோடு எதில் வெட்டியது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள்.

"யாரைம்மா தேடுறீங்க?"

"யாரும் இல்லம்மா. வழி தப்பி வந்துட்டேன்" என்றார் செடிக்காரம்மா. அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பேருந்து நிற்கும் இடம்வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினாள்.