மூக்கும் செருப்பும் வைத்த ஒன்று

கோல்மன் ட்வோமி எழுதும் ஒன்று என்ற எண்ணுக்கு மூக்கும் உண்டு, செருப்பும் உண்டு. மேலே நீட்டிய மூக்கு, அடியில் தட்டையான செருப்பு. வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில் மாடுகளின் முதுகில் ஒட்டும் எண் சீட்டை எழுதுகிறவர் அவர்தான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல வெறும் கோடுதான் போட்டார். அப்போது ஒருவர் பதினொன்றாம் எண் கிடாரி என்று நினைத்து ஏலம் எடுத்து, வீட்டில் இறக்கிப் பார்த்தால் பதினேழாம் எண் காளை. அது அவர் வீட்டு அடுப்படிக் கதவைப் பெயர்த்துப் போட்ட பிறகுதான் மூக்கும் செருப்பும் முளைத்தன.

இன்றைக்குக் கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுக்க அந்த ஒன்றைத் தெரியும். இவ்வளவு பேர்போன ஒன்றை வைத்துக்கொண்டு ரகசிய வாக்குச்சீட்டில் திருட்டுத்தனம் செய்தவரை என்ன சொல்வது? கோல்மன் தன்னைத்தானே ஒரு சொல்லால் திட்டிக்கொண்டார். சந்தையில் ஏறமாட்டேன் என்று வண்டி முன்னால் படுத்துக்கொள்ளும் மாட்டைப் பார்த்துச் சொல்கிற சொல் அது.

அவருக்கு இன்னொரு புகழும் இருந்தது. வாக்கு எண்ணும் நாளில் விளையாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டி, சீட்டுகளை விரித்துக் காட்டுவார்கள். இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் எக்கி எக்கிப் பார்த்து, யாருக்கு ஒன்று, அதாவது முதல் வாக்கு, விழுந்தது என்று அட்டையில் கோடு போடுவார்கள். அதிகாரிகள் முடிவு சொல்வது சாயங்காலம். தடுப்புக்காரர்கள் மத்தியானமே கவுண்டி முடிவைச் சொல்லிவிட்டு சாண்ட்விச் தின்னப் போய்விடுவார்கள். முப்பத்தொரு வருடமாக கோல்மன் கட்சிக்காகக் கோடு போட்டார். எந்தச் சாலையில் எத்தனை வாக்கு என்று முன்கூட்டியே சொல்வார், சொன்னது விழும். எல்லா வீட்டையும் கணித்தவர், தன் வீட்டைக் கணிக்கத் தவறினார்.

ஏனென்றால் இந்தத் தேர்தலில் அவர் மனைவி டிம்ப்னாவே சுயேச்சையாக நின்றுவிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தை அரசாங்கம் அடியோடு நிறுத்திவிட்டதும், "கேக்க ஆளில்லன்னா நானே கேக்குறேன்" என்று மனுப் போட்டாள். கோல்மன் கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளுக்காகச் சுவரொட்டி கட்டினார். ஏணியிலிருந்து இரண்டு தரம் விழுந்தார்.

வெள்ளிக்கிழமை வாக்குச்சாவடி மறைப்புக்குள் போனார். நூலில் கட்டிய பென்சில். வரிசையாகப் பெயர்கள், பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அப்படியே போகலாம். மனதில் டிம்ப்னாதான் இருந்தாள். ஆனால் கை? முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் அது தானாகப் போய், கட்சிக்காரர் ஹெஃபர்னன் பெயருக்கு நேரே மூக்கும் செருப்புமாக ஒன்று போட்டுவிட்டது. கோல்மன் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஒன்று அழியவில்லை, சுற்றிலும் கட்டைவிரல் அளவுக்குக் கரிதான் படர்ந்தது. வேறு சீட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தருவார்கள். ஆனால் மேசையில் உட்கார்ந்திருந்தது டிம்ப்னாவின் சித்தி மகள். "பொண்டாட்டிக்குப் போட வந்தேன், கை மாறிப்போச்சு" என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? டிம்ப்னாவுக்கு இரண்டு என்று எழுதி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, மழை பெய்யாதபோதே குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை காலை அவருடைய வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். தங்கள் ஊர் பாலிக்ரோ பெட்டியைத் திறக்கும்போது டிம்ப்னா அந்தச் சீட்டைப் பார்க்கக் கூடாது. அவள் ஜெயிக்கிறாளோ இல்லையோ, அது கடவுள் பாடு.

டிம்ப்னாவோ அட்டையும் பென்சிலுமாக அவர் பக்கத்திலேயே வந்து நின்றாள். மறுபக்கம் எதிர்க்கட்சித் தடுப்புக்காரன் ஜார்லத்.

"யோவ் கோல்மன், பாலிக்ரோல உன் வீட்டம்மாவுக்கு எத்தன?"

"எண்பத்தெட்டு." ஒரு வாரமாக ஊரெல்லாம் சொன்ன எண். இப்போது வாபஸ் வாங்க முடியாது.

"எண்பத்தெட்டுன்னா எண்பத்தெட்டா?"

"ஒண்ணு குறைஞ்சா என் தொப்பிய நீயே வச்சுக்க."

பெட்டி கவிழ்ந்தது. சீட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பாதிக்கு மேல் போனதும் கோல்மனுக்கு அது தெரிந்தது. கட்டுக்கு நடுவில் ஒரு கரி ஓரம். இன்னும் நாலாவது சீட்டு அதுதான்.

உடனே தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. சந்தைக் கிடாரிகள் எல்லாம் சேர்ந்து போட்ட மாதிரி ஒன்று. போதாதென்று பிளாஸ்கைத் தட்டிவிட்டார். தேநீர் ஜார்லத்தின் பூட்ஸில் கொட்டியது.

"அட நாசமாப் போறவனே!" ஜார்லத் ஒற்றைக் காலில் குதித்தான்.

"சார், தடுப்புக்கு அந்தப் பக்கமே நில்லுங்க" என்றாள் சீட்டு விரித்த பெண்.

"கோல்மன், தும்மணும்னா அந்தப் பக்கம் திரும்பித் தும்மு" என்றாள் டிம்ப்னா, அட்டையிலிருந்து தலை தூக்காமல். "மக்கள் தீர்ப்பு மேல எச்சி தெறிக்குது."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கரிச் சீட்டு கடந்துபோயிருந்தது. கோல்மனுக்கு உயிர் வந்தது. தன் மூளையைத் தானே மெச்சி ஒரு சாண்ட்விச்சைப் பிரித்தார்.

பெட்டி முடிந்ததும் ஜார்லத் கூட்டிப் பார்த்தான். "டிம்ப்னா, எண்பத்தேழு. ஒண்ணு இடிக்குதே வாத்தியாரே! உன் கணக்குல எந்த வீட்டுக்காரன் கவுத்தான்?"

"நீ தேநீர்ல நனைஞ்சப்போ ஒண்ண விட்டிருப்ப."

"நான் விட்டா, உன் பொண்டாட்டியுமா விட்டிருப்பா? அவ அட்டையப் பாரு."

கோல்மன் பார்த்தார். டிம்ப்னா பெயருக்கு எண்பத்தேழு கோடு. கீழே ஹெஃபர்னன் பெயருக்கு நேரே முப்பத்தொரு கோடு. முப்பது நேர்க்கோடு. இருபத்திரண்டாவதுக்கு மட்டும் மேலே மூக்கும் கீழே செருப்பும் வைத்திருந்தாள். சுற்றிலும் பென்சிலால் லேசாகக் கரிகூட தேய்த்திருந்தாள்.

சாண்ட்விச்சை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

"டிம்ப்னா, அது வந்து... கைதான்..."

"அடுத்த பெட்டி வருது. கோடு போடு."

ஜார்லத் கோல்மனின் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். அவனுக்கு அது காதுவரை இறங்கியது.

அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்க அவள் கோடு போட்டாள். கோல்மன் தேநீர் வாங்கி வந்தார், குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தாள். கவுண்டி முழுக்கக் கூட்டியதில் அவளுக்கு இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். கடைசியில் இருப்பவரை ஒவ்வொரு சுற்றிலும் கழித்துவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவருக்குக் கொடுப்பார்கள். ஐந்தாம் சுற்றில் கழிக்கப்பட்டவர் என்று ஒலிபெருக்கி சொன்ன பெயர் ஹெஃபர்னன்.

டிம்ப்னா எழுந்து தடுப்பருகே போய் நின்றாள். கோல்மன் ஓரடி தள்ளி, அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார். ஹெஃபர்னனின் சீட்டுகளை மேசையில் பிரித்து அடுக்கினார்கள். வெகு நேரம் கழித்து அந்தக் கரிச் சீட்டு மேலே வந்தது. அந்தப் பெண் இரண்டு எங்கே என்று தேடி, டிம்ப்னாவின் அடுக்கில் வைத்தாள்.

"வந்துட்டாரு பாரு துரை" என்றாள் டிம்ப்னா. "அஞ்சு சுத்துச் சுத்தி."

"வீடு தெரியாமயா போயிடுவேன்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று கோல்மன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஆறாம் சுற்றில் அவளையும் கழித்துவிட்டார்கள். சீட்டுகளை வேறு யாருக்கோ பங்கு வைக்கத் தொடங்கினார்கள். ஜார்லத் வந்து கை குலுக்கினான். "நல்லா நின்ன, டிம்ப்னா. அடுத்த தடவை இந்த ஆள வீட்டுல பூட்டி வச்சுட்டு நில்லு."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. அவள் வேனைக் கிளப்பினாள். அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி அவர் மடியில் போட்டாள். மேலே "டிம்ப்னா ட்வோமி" என்று எழுதியிருந்தது. கீழே வெற்றுத் தாள்.

"நூறு தடவ ஒண்ணு போடு. கை பழகட்டும்."

"இப்பவா?"

"பாலிக்ரோ போறவரைக்கும்."

கோல்மன் போட ஆரம்பித்தார். சாலை பள்ளமும் மேடுமாக இருந்ததால் சில ஒன்றுக்கு மூக்கு நீண்டது, சிலதுக்குச் செருப்பு கழன்றது. இப்போது ஓடாத ஆஸ்பத்திரிப் பேருந்தின் துருப்பிடித்த நிறுத்தக் கம்பத்தருகே அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"எத்தன ஆச்சு?"

"அறுபத்தெட்டு."

"போதும்" என்றாள் டிம்ப்னா. "மிச்சத்த அடுத்த தேர்தலுக்கு வச்சுக்க."

கோல்மன் பென்சிலைக் காதில் செருகினார். பிறகு எடுத்து, அவள் பார்க்காத நேரம், இன்னும் ஒன்று போட்டார்.