அஃப்ரெய்டுக்குப் பின்னால் என்ன வரும்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியாருக்கு மூலதனம் இரண்டே இரண்டு: தேயாத தொண்டை, தேயத் தயாராக உள்ள செருப்பு. எனக்கு உட்கார்ந்து பாடம் எடுக்க வராது. பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஊர் விஷயத்திலும் அப்படித்தான். கோயம்புத்தூர், சித்தூர், பாலக்காடு என்று பதினோரு வருஷம் மாறி மாறி இப்போது குமுளியில், ஏலக்காய்க் கடை மாடியில் வகுப்பு. சொந்த ஊரான வடகரப்பதியில் தென்னந்தோப்போடு இருக்கும் அப்பா வாரம் தவறாமல் போனில் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏப்பா, கட்டுன பையை அவுத்தியா இல்லியா?"

இங்கிலீஷிடம் அடி வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! அந்த பாஷையில் 'பயம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அஃப்ரெய்டுக்குப் பின்னால் 'ஆஃப்' வர வேண்டும், குட்டுக்குப் பின்னால் 'அட்', ரெடிக்குப் பின்னால் 'ஃபார்'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, மாமியார் வீட்டு வழக்கம் மாதிரி பழகிக்கொள்ள வேண்டியதுதான். பழக்குவதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வாக்கியத்தின் பாதியைப் பலகையில் எழுதுவேன். மீதியை அவரவர் வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் வாக்கியம் சரியாக இருந்தாலும் பூஜ்யம். இந்த விதியைப் போட்டபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷ்யூர் அபவுட்

சண்முகம் கீழேயுள்ள கடையில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய், மிளகு விற்பவர். நாற்பது வயது. வகுப்பில் முதல் பெஞ்சு, வீட்டுப்பாடம் தவறாதவர். ஒரு நாள் 'ஷ்யூர் அபவுட்' நடத்தினேன், அதாவது எதைப் பற்றி நிச்சயமாகத் தெரியும் என்று சொல்வது. மறுநாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏலக்காயைக் கையில் அள்ளி, இது இந்த வருஷத்துக் காய்தானா என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். இவர் என் விதியை மனதில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நான் ஷ்யூர் இல்லை என்று சுத்தமான இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அவர்கள் நன்றி சொல்லி எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் முதலாளியே மாடியேறி வந்தார். சண்முகத்தின் இங்கிலீஷ் நன்றாக முன்னேறியிருக்கிறது என்று முதலில் பாராட்டினார். அப்புறம் சொன்னார்: "உண்மையச் சொல்லி விக்க நான் என்ன ரேஷன் கடையா வச்சிருக்கேன் சார்?"

அஃப்ரெய்ட் ஆஃப்

எதற்குப் பயம் என்று கேட்டால் இந்த மலையில் பதில்கள் வரிசையாக வந்துவிடும். யானை, அட்டை, மண்சரிவு. சண்முகம் தன் மனைவியைச் சொன்னார். கடைசி பெஞ்சில் முத்துலட்சுமி எழுந்தாள். வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் பெண், இருபத்து மூன்று வயது, அப்பா இல்லை. வகுப்பு முடிந்து ஓடினால்தான் அவளுக்குக் கடைசி பஸ். அவள் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் எ லெட்டர்' என்றாள்.

என்ன லெட்டர் என்றேன். நின்றபடியே தமிழில் சொன்னாள். அம்மா வள்ளியம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், அந்த மாதக் கடைசியோடு ஓய்வு. அவர்கள் இருக்கும் லயத்து வீடு, தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். மகள் பெயரைக் கொடுத்துக் கொழுந்துக்கூடையைத் தூக்கினால் வீடு தங்கும். இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். அவளோ ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்காகத்தான் இந்த வகுப்பே.

யானையைவிடவா கடிதம் பெரிசு என்று சண்முகம் கேலியாகக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "ஆனை வந்தா வந்த வழியே போயிரும்ணே. கடுதாசி வந்தா நாங்கதான் போகணும்."

ரெடி ஃபார்

ரிசார்ட்டில் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. எஸ்டேட் ஆபீஸில் பெயர் கொடுக்க மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி கடைசி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ராத்திரி. புதன்கிழமை வள்ளியம்மா வகுப்புக்கு வந்துவிட்டார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மகளுக்கு அந்த வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் வீட்டை விட்டுவிடுவார். கிடைக்காது என்றால் பெயரைக் கொடுத்துவிடச் சொல்வார். முப்பத்திரண்டு வருஷ வீட்டை என் வாயில் வைத்துவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நன்றாகப் பேசுகிறாள், ஆனால் போட்டிக்கு வரும் மற்றவர்கள் எப்படியோ, மேனேஜர் எப்படியோ என்று சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கும் பலகைக்கும் ஏழெட்டு முறை நடந்திருப்பேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "உக்காராத வாத்தியாரு பேச்ச நம்பி எப்படி சார் வீட்ட விடுறது?"

ப்ரௌட் ஆஃப்

வியாழக்கிழமை அவளைத் தனியாக வைத்து ஒத்திகை பார்த்தேன். உண்மை விதியை அன்று ரத்து செய்தேன். எதில் பெருமை என்று கேட்டால் இந்த ரிசார்ட்டில் வேலை செய்வதில் என்று சொல். எங்கள் வேலையாட்கள் விடுதியில் தங்குவாயா என்றால் சந்தோஷமாகத் தங்குவேன் என்று சொல். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை ரிசார்ட் வாசலுக்கு எதிரே டீக்கடையில் நான்கு டீ குடித்தேன். ஒவ்வொரு டீக்கும் நடுவே சாலையின் கோடிவரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். எதில் பெருமை என்று கேட்டார்களாம். எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டுக்கு எங்கம்மா வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார், அதில் பெருமை என்று சொல்லியிருக்கிறாள். விடுதியில் தங்குவாயா என்றதற்கு, முடியாது, அம்மா என்னோடுதான் இருப்பார், வெளியே ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை தூரம் சொல்லிக்கொடுத்தேனே என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "பொய் சொல்லத்தான் சார் பாத்தேன். வாய்ல இங்கிலீஷே வரல. உண்மைக்கு மட்டுந்தான நீங்க பழக்கி விட்டிருக்கீங்க."

டயர்ட் ஆஃப்

சனிக்கிழமை காலை முழுக்க ரிசார்ட்டிலிருந்து போன் வரவில்லை. பதினொன்றரைக்கு முத்துலட்சுமி பெயர் கொடுக்கக் கிளம்பியிருக்கிறாள். வள்ளியம்மா வாசலில் வழிமறித்து உட்கார்ந்துவிட்டாராம். தன் கூடையை எடுத்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. வேலை கிடைக்குமா என்று யாருக்குமே தெரியாதபோது அந்த அம்மா அதைச் செய்தார். எனக்கு அந்தத் தைரியம் என் வாழ்நாளில் வந்ததில்லை.

ரிசார்ட்டிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பயிற்சி, பிடித்திருந்தால் நிரந்தரம். அதற்குள் எஸ்டேட் கடிதமும் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தார்கள். சண்முகம் கடை ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார், நானும் போனேன். பாத்திரம், இரண்டு டிரங்குப் பெட்டி, தையல் மிஷின் எல்லாம் ஏறிவிட்டன. வள்ளியம்மா வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பூட்டி, சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்தார். போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது.

முத்துலட்சுமிதான் சூழ்நிலையை மாற்ற நினைத்தவள்போல, சார், ஒரு வாக்கியம் நீங்க முடிங்க, 'ஐ ஆம் டயர்ட் ஆஃப்' என்றாள். எது அலுத்துவிட்டது உங்களுக்கு, விதிப்படி உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். பதில் எனக்கு உடனே தெரிந்தது. என் லாட்ஜ் அறையில் கதவோரம் கட்டியபடியே நிற்கும் பை கண்ணில் வந்தது. அதைச் சொல்வதற்குப் பதில் வழக்கம்போல ஜீப்பைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.

ஜீப்புக்குள் டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த வள்ளியம்மா, கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். "இங்க இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. முதல்ல உக்காருங்க சார்."

அந்த வாரமே வகுப்புக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டேன், பையைத்தான் இன்னும் அவிழ்க்கவில்லை.